மழைக்குப் பின் சாலையேறும் டிராக்டர்

திருச்சுழி வட்டாரச் சாலைகளில் டிராக்டர் எப்போது மிகும் என்பதை வானம்தான் தீர்மானிக்கிறது. விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் பெரும்பாலும் மானாவாரி நிலம். குண்டாற்றில் தண்ணீர் ஓடும் நாட்கள் குறைவு. கண்மாய்ப் பாசனம் உள்ள வயல்களைத் தவிர மற்றவை வடகிழக்குப் பருவமழையை நம்பிக் கிடக்கின்றன. மக்காச்சோளம், பருத்தி, கம்பு, குதிரைவாலி, உளுந்து, பாசிப்பயறு, மல்லி, மிளகாய் என்று விளைவதெல்லாம் ஐப்பசி, கார்த்திகை மழையின் கணக்கில்தான்.

கரிசல் மண்ணுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. மழை விழுந்த கையோடு அதற்குள் இறங்க முடியாது. ஈர மண் சக்கரத்தில் அப்பிக்கொண்டு வண்டியையே நகரவிடாது. முழுக்கக் காயவிட்டாலோ பாளம் பாளமாக வெடித்து, கொழு இறங்காது. இரண்டுக்கும் நடுவே பதம் நிற்பது சில நாட்கள்தான். அந்தச் சில நாட்களுக்குள் ஊரே உழுது விதைத்தாக வேண்டும். டிராக்டர் எல்லோரிடமும் இல்லை. வைத்திருப்பவர் நாலைந்து ஊர்களுக்கு மணிக்கணக்கு வாடகையில் உழவு ஓட்டுகிறார். வேளாண்மைப் பொறியியல் துறையும் வாடகைக்கு டிராக்டர் விடுகிறது. நிலமும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. ஒரே குடும்பத்துக்கு ஊருக்குக் கிழக்கே ஒரு துண்டு, கண்மாய்க்கு அப்பால் ஒரு துண்டு. ஒரு புஞ்சையை முடித்து அடுத்த புஞ்சைக்குப் போகப் பல இடங்களில் தார்ச்சாலையைத் தவிர வேறு வழி கிடையாது. மாட்டுவண்டிகள் போன பழைய வண்டிப்பாதைகள் பலவும் சீமைக்கருவேலம் மண்டி மூடிக் கிடக்கின்றன.

விதைப்புக் காலம் மட்டும் அல்ல. சித்திரை, வைகாசியில் கோடை உழவு. அதே சமயத்தில் காய்ந்த கண்மாய்களிலிருந்து வண்டல் அள்ளிப் புஞ்சைக்கு அடிக்கும் வேலையும் நடக்கும். இதற்கான அனுமதியை வட்டாட்சியரே தரலாம் என்று 2024-இல் விதி எளிதாக்கப்பட்ட பிறகு இந்த நடை கூடியிருப்பதில் வியப்பில்லை. தை, மாசியில் மக்காச்சோளம் உதிர்க்கும் மெஷினை இழுத்துக்கொண்டு டிராக்டர் களம் களமாகப் போகும். ஆண்டு முழுவதும் ஓடுவது விறகு லோடும் கரிமூட்டை லோடும். ஆக, அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாக நரிக்குடி போகும் சாலையில், டவுன் பஸ்ஸும் காரும் பைக்கும் போகும் அதே ஒற்றைத் தாரில், மணிக்கு இருபது கிலோமீட்டரில் ஒரு வண்டி முன்னால் போவது விதிவிலக்கு அல்ல, வழக்கம்.

பின்னால் வருபவருக்கு எரிச்சல் வருவது இயல்பு. அந்த மெதுவோட்டம் ஓட்டுநரின் விருப்பம் என்று நினைப்பதுதான் தவறு. டிராக்டர் சாலைக்காகச் செய்யப்பட்ட வண்டி அல்ல. அதன் எஞ்சினும் கியரும் மணிக்கு ஐந்தாறு கிலோமீட்டரில் கலப்பையை இழுக்கும் வலுவுக்காக அமைந்தவை. மேல் கியரில் வெறும் வண்டியாக ஓட்டினாலும் பெரும்பாலான மாடல்கள் முப்பதைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். பின் அச்சுக்கு ஸ்பிரிங் கிடையாது. பள்ளத்தில் விழுந்த அடி முழுவதும் இருக்கைக்கு வந்து சேரும். டயரில் உள்ள பெரிய கட்டைகள் மண்ணைக் கவ்வுவதற்கானவை. வழவழப்பான தாரில் அவற்றின் பிடி குறைவு.

பிரேக் இன்னும் முக்கியம். டிராக்டரில் இடது பின்சக்கரத்துக்கு ஒரு பிரேக் மிதி, வலது பின்சக்கரத்துக்கு ஒரு பிரேக் மிதி. புஞ்சையின் மூலையில் சட்டென்று திரும்ப ஒரு பக்கத்தை மட்டும் மிதிப்பார்கள். சாலைக்கு வரும்போது இரண்டையும் ஒரு கொக்கியால் சேர்த்து மாட்டிவிட வேண்டும். மாட்ட மறந்த நிலையில் வேகமாகப் போய் ஒரு மிதியை மட்டும் அழுத்தினால் வண்டி அந்தப் பக்கமாக வெட்டி இழுக்கும். பின்னால் மாட்டிய டிரெய்லர்கள் பலவற்றுக்குத் தனி பிரேக்கே இல்லை. மூன்று டன் வண்டல் ஏற்றிய டிரெய்லரை நிறுத்தும் வேலையும் முன்னால் இருக்கும் டிராக்டரின் தலையில்தான் விழுகிறது. பாரம் மிஞ்சினால் ஏற்றத்தில் முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பிடிப்பு தளரும். இப்படிப்பட்ட வண்டியை ஒருவர் மெதுவாக ஓட்டுகிறார் என்றால், அவர் ஒழுங்காக ஓட்டுகிறார் என்றுதான் அர்த்தம்.

உலகிலேயே அதிக டிராக்டர் செய்யும் நாடு இந்தியா. இந்த வட்டாரத்துக்குப் பக்கத்திலேயே, மதுரை மாவட்டத்துக் கல்லுப்பட்டியில், 1960-இல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் தொழிற்சாலை இருக்கிறது. எண்ணிக்கை கூடிய அளவுக்குச் சாலைகள் அகலவில்லை என்பது யாருக்கும் தெரிந்ததுதான்.

மோதல் எப்படி நடக்கிறது என்பதற்கு ஒரு சிறு கணக்கு போதும். எண்பதில் வரும் கார், அறுபதில் போகும் இன்னொரு காரை 150 மீட்டர் முன்னால் காண்கிறது. இடைவெளி முழுவதும் கரைய 27 விநாடி ஆகும். அதே கார், இருபதில் போகும் டிராக்டரை அதே தொலைவில் கண்டால் ஒன்பதே விநாடிதான். கண் இதை உடனே பிடிப்பதில்லை. நேர்ச் சாலையில் தொலைவில் தெரியும் பொருள் முதலில் அளவு மாறாமல் இருப்பது போலவே தோன்றும். நெருங்கிய பிறகுதான் திடீரென்று பெரிதாகும். முன்னால் போவதும் தன்னைப் போலவே ஓடுகிறது என்று மூளை எடுத்துக்கொள்கிறது. டிராக்டரின் வடிவம் தெரிந்த கணத்திலேயே காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுப்பதுதான் பொறுமையின் முதல் படி. இதில் குணநலன் எதுவும் இல்லை, கணக்குதான்.

அடுத்தது முந்துவது. டிராக்டருக்குப் பின்னால் இருபதுக்கு இறங்கிவிட்ட கார், வெளியே வந்து வேகமெடுத்து, எட்டு மீட்டர் நீளமுள்ள டிராக்டரையும் டிரெய்லரையும் கடந்து, முன்னும் பின்னும் போதிய இடம் விட்டு உள்ளே சேர ஏறத்தாழ ஏழு விநாடி பிடிக்கும். அந்த ஏழு விநாடியில் கார் போகும் தூரம் சுமார் 80 மீட்டர். எதிரே அறுபதில் ஒரு பஸ் வந்தால் அது கடக்கும் தூரம் சுமார் 120 மீட்டர். அதாவது கண்ணுக்கு 200 மீட்டர் சாலை காலியாகத் தெரிந்தால் இரண்டும் நேருக்கு நேர் வந்து நிற்கும். தப்பிக்க மிச்சம் எதுவும் இருக்காது. அறுபது கிலோமீட்டர் வேகச் சாலையில் முந்துவதற்கு 300 மீட்டர் பார்வைத் தூரம் வேண்டும் என்று இந்தியச் சாலைகள் காங்கிரஸ் வகுத்திருப்பது இதனால்தான். இந்தப் பக்கத்துச் சாலை வளைவுகளில் இருபுறமும் கருவேலம் தாருக்கு மேலேயே கவிந்து நிற்கிறது. அங்கே 300 மீட்டர் என்பது பகல் கனவு.

இத்தனை ஆபத்தையும் எடுத்து மிச்சமாவது எவ்வளவு? ஒரு கிலோமீட்டர் டிராக்டருக்குப் பின்னாலேயே போனால் மூன்று நிமிடம். ஐம்பதில் போயிருந்தால் ஒரு நிமிடமும் பன்னிரண்டு விநாடியும். இழப்பு இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. மூன்று கிலோமீட்டர் தொடர்ந்து மாட்டிக்கொண்டாலும் ஐந்தரை நிமிடம். திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டை போய்ச் சேரும் ஏறத்தாழ அரை மணி நேரத்தில் இது ஒரு டீ குடிக்கிற நேரம். அதோடு, உழவுக்குப் போகும் டிராக்டர் நெடுந்தூரம் சாலையில் வருவது அரிது. அடுத்த ஊர் விலக்கிலோ அதற்கு அடுத்த புஞ்சையிலோ இறங்கிவிடும்.

அந்த இறக்கத்தில்தான் இன்னொரு வகை விபத்து காத்திருக்கிறது. வலப்பக்கத்துப் புஞ்சைக்குள் இறங்க வேண்டிய டிராக்டர், டிரெய்லர் பாலத்துக் கட்டையில் இடிக்காமல் திரும்புவதற்காக முதலில் இடதுபுறம் ஒதுங்கி, பிறகு வலதுபுறம் வளையும். பின்னால் வருபவர் அந்த ஒதுங்கலை வேறு மாதிரி படிக்கிறார்: "வழி விடுகிறார்" என்று. ஹார்ன் அடித்துக்கொண்டே வலதுபக்கம் ஏறுகிறார். டிராக்டர் ஓட்டுநருக்கு அந்த ஹார்ன் கேட்பதில்லை. கேபின் இல்லாத டிராக்டரில் ஓட்டுநரின் காதருகே எஞ்சின் இரைச்சல் 90 டெசிபலை ஒட்டி இருக்கும். அதற்கு மேல் பாட்டுப் பெட்டி வேறு. பக்கக் கண்ணாடி இருந்தால் அதிர்வில் உருவம் கலங்கித் தெரியும். இல்லாத வண்டிகளும் ஏராளம். ஆகவே பாலம், வாய்க்கால் திட்டு, புஞ்சைக்குள் போகும் மண்தடம் ஆகியவை வலப்பக்கம் தெரியும் இடத்தில் டிராக்டரை முந்தாமல் இருப்பது நல்லது. சக்கரத்தடம் பதிந்த மண்பாதை தாரைத் தொடும் இடமே போதுமான அடையாளம். மழைக்குப் பின் அங்கே கருப்பு மண் கட்டிகள் சிதறிக் கிடக்கும்.

அந்த மண் கட்டிகளும் தனி ஆபத்துதான். டயர் கட்டைகளின் இடுக்கில் அடைந்த கரிசல், சாலையில் ஏறியதும் துண்டு துண்டாக உதிரும். தூறல் விழுந்தால் வழுக்கும் சேறு. காய்ந்தால் பைக் சக்கரத்தைத் தூக்கியடிக்கும் கட்டி. 2022-இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் ஏறத்தாழ 44 சதவீதம் இருசக்கர வாகனங்களில் போனவர்கள். அதே ஆண்டு மாநிலங்களில் அதிக விபத்து நடந்தது தமிழ்நாட்டில்: 64,105. இறந்தவர்கள் 17,884 பேர்.

பைக்கில் வருபவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. டிராக்டரின் பின்னால் தூக்கி மாட்டிய ஒன்பது கொழுக் கலப்பையோ ரோட்டவேட்டரோ வண்டியை விட அகலமானது. கொழு முனைகள் பைக்காரரின் நெஞ்சு உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். டிராக்டர் வலப்பக்கம் திரும்பும்போது அந்தக் கருவி இடப்பக்கமாக வெளியே வீசும். இடுக்கு கிடைத்தது என்று இடதுபுறம் நுழைபவர் அந்த வீச்சில் சிக்குகிறார்.

இரவில் நிலைமை மோசம். பதம் தவறிவிடக் கூடாது என்பதால் உழவு நள்ளிரவு வரையும் நடக்கும். அதற்காக டிராக்டரின் பின்புறத்தில் கலப்பையைப் பார்க்க ஒரு வெள்ளை விளக்கு உண்டு. புஞ்சையில் அது தேவை. அணைக்காமல் சாலைக்கு வந்தால், பின்னால் வருபவருக்கு எதிரே ஒரு பைக் வருவது போலத் தெரியும். டிரெய்லரின் சிவப்பு விளக்குகளில் ஒன்று மட்டும் எரிந்தால் முன்னால் பைக் போவது போலத் தெரியும். இரண்டும் எரியவில்லை என்றால் எதுவுமே தெரியாது. கருவேல விறகு ஏற்றிய வண்டியில் கிளைகள் இருபுறமும் பின்னாலும் பிதுங்கி, இருக்கும் விளக்கையும் மறைத்துவிடும். வழியில் பஞ்சர் ஆனால் சக்கரத்துக்கு அண்டை கொடுத்து நான்கு கல்லை வைத்து வேலை பார்க்கிறார்கள். வேலை முடிந்ததும் வண்டி போய்விடுகிறது, கல் நடுச்சாலையில் கிடக்கிறது. சிறிய விஷயம் போலத் தோன்றினாலும், இரவு பைக்கில் வருபவருக்குச் சிறியது அல்ல.

சட்டம் இரு தரப்பிடமும் பொறுப்பைக் கேட்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 விவசாய டிராக்டரைப் போக்குவரத்து வாகனப் பட்டியலில் சேர்க்கவில்லை. வயல் வேலைக்கும் விளைபொருள் ஏற்றவுமான வண்டியாகவே அதைப் பார்க்கின்றன. விளக்கும் சிவப்புப் பிரதிபலிப்பானும் அதற்கும் கட்டாயம். முந்துவதைப் பற்றிய விதிகள் 1989-இல் வந்து, 2017-இல் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளாகப் புதுப்பிக்கப்பட்டன. வளைவிலும், முன்பக்கம் தெளிவாகத் தெரியாத இடத்திலும், எதிரே வருபவருக்கு இடைஞ்சல் வரும் போதும் முந்தக் கூடாது. முந்தப்படுகிறவர் தம் வேகத்தைக் கூட்டி மறிக்கவும் கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, விதியை மீறி முந்துவது ஆபத்தான ஓட்டுதல் என்றே மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவில் எழுதப்பட்டிருக்கிறது. முதல் முறை சிக்கினால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

நான்குவழிச் சாலையில் விவகாரம் வேறு. மதுரை–தூத்துக்குடி நெடுஞ்சாலை அருப்புக்கோட்டை வழியாகப் போகிறது. எதிரே வண்டி வரும் பயம் அங்கே குறைவு. பதிலாக வேக வித்தியாசம் பெரிது. நூறில் வரும் கார் இருபதில் போகும் டிரெய்லரை நெருங்கும் வேகம் விநாடிக்கு 22 மீட்டர். பெங்களூரு–மைசூரு விரைவுச் சாலையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் டிராக்டர், பைக், ஆட்டோ எல்லாவற்றையும் தடுத்தது போன்ற ஏற்பாட்டுக்குப் பக்கச் சாலை முழுமையாக வேண்டும். இரண்டு பக்கமும் புஞ்சை உள்ள இடத்தில் அப்படித் தடுத்தால் விவசாயி எதிர்த்திசையில்தான் ஓட்டுவார். அது இன்னும் கேடு.

மெதுவாகப் போகும் வண்டியோடு சாலையைப் பகிர மற்ற நாடுகள் கண்ட வழிகளில் மலிவானது ஒரு முக்கோணம். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1960-களின் தொடக்கத்தில் உருவானது அது. நடுவில் பளிச்சென்ற ஆரஞ்சு, ஓரத்தில் இரவில் ஒளிரும் சிவப்பு. மெதுவாகப் போகும் வண்டியின் பின்னால் மட்டுமே மாட்ட வேண்டும் என்பதால், அதைக் கண்டதுமே வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பது ஓட்டுபவர்களுக்குப் பழகிவிட்டது. கலிஃபோர்னியாவில், முந்த முடியாத இருவழிச் சாலையில் பின்னால் ஐந்து வண்டிகள் சேர்ந்துவிட்டால் மெதுவாகப் போகும் வண்டி பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்று சட்டமே உண்டு. பிரிட்டனில் 2015-இல் டிராக்டரின் வேக வரம்பை மணிக்கு 32 கிலோமீட்டரிலிருந்து 40-ஆக உயர்த்தினார்கள். பின்னால் வருபவர்களின் எரிச்சலைக் குறைப்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. பிரேக் இல்லாத டிரெய்லர்கள் ஓடும் நம் பக்கத்துக்கு அந்த மூன்றாவது வழி ஒத்துவராது. முதலிரண்டும் ஒத்துவரும். ஒட்டும் பிரதிபலிப்புப் பட்டை பெரிய செலவு அல்ல. டிரெய்லரின் பின்பலகையிலும் பக்கங்களிலும் ஒட்டி, வாரம் ஒருமுறை புழுதியைத் துடைத்தால் போதும். புழுதி படிந்த பிரதிபலிப்பானும் இல்லாத பிரதிபலிப்பானும் ஒன்றே.

ஒதுங்குவதற்கும் இடம் பார்க்க வேண்டும். மழைநாளில் தாரை விட்டு இறங்கினால் கரிசல் ஓரத்தில் சக்கரம் புதைந்து, பாரத்தோடு டிரெய்லர் சாய்ந்துவிடும். இறங்காமல் நடுவிலேயே போகும் டிராக்டர்காரர் பிடிவாதக்காரர் அல்ல. ஓரத்து மண்ணை அறிந்தவர். பஸ் நிறுத்தம், கோயில் முன்திடல், விலக்குச் சாலையின் முகப்பு ஆகியவை கெட்டித் தரை. அங்கே ஒரு நிமிடம் நின்றால் பின்னால் சேர்ந்த வரிசை கரைந்துவிடும். அனுபவப்பட்ட ஓட்டுநர்கள் எதிரே வண்டி இல்லாதபோது கையை முன்னோக்கி அசைத்து வழிவிடுவது உண்டு. மரியாதைதான், ஆனாலும் அந்தக் கையை மட்டும் நம்பி முந்தக் கூடாது. அவர் பார்ப்பது அவர் உயரத்திலிருந்து தெரியும் சாலையை. பின்னால் வருபவரின் வேகத்தை அவர் கணக்கிட்டிருக்க மாட்டார்.

டிரெய்லரில் ஆட்களை ஏற்றுவது தனி வழக்கு. களையெடுப்புக்கும் பருத்தி எடுப்புக்கும் போகும் பெண்கள், மாசிக் களரிக்குக் குலசாமி கும்பிடப் போகும் குடும்பங்கள், பொங்கப்பானை, ஆட்டுக்கிடா எல்லாம் ஒரே பெட்டியில். டிரெய்லர் ஆள் ஏற்றும் வண்டி அல்ல. விபத்து நேர்ந்தால் காப்பீடு கேட்பதிலும் சிக்கல் வரும். 2022 அக்டோபர் 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் கான்பூர் மாவட்டத்தில் கோயிலுக்குப் போய்த் திரும்பிய டிராக்டர் டிரெய்லர் குளத்தில் கவிழ்ந்து 25-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலானோர் பெண்களும் குழந்தைகளும். ஊருக்குப் போதிய பஸ் இல்லாத இடத்தில் தடை மட்டும் போட்டுப் பயனில்லை. பின்னால் வருபவர் செய்யக்கூடியது ஒன்றே: ஆள் ஏற்றிய டிரெய்லரைக் கண்டால் இடைவெளியை இரட்டிப்பாக்குவது. உட்கார்ந்திருப்பவர்கள் பலகையின் விளிம்பில் கால் தொங்கவிட்டிருப்பார்கள்.

இந்தச் சாலைகளில் மெதுவாகப் போவது டிராக்டர் மட்டும் அல்ல. அறுவடை முடிந்த புஞ்சைகளில் கிடை போட நூற்றுக்கணக்கில் ஆடுகளை ஓட்டிச் செல்பவர்கள் காலையும் மாலையும் சாலையைக் கடப்பார்கள். மந்தை நடுவே ஹார்ன் அடித்தால் ஆடு கலைந்து இருபக்கமும் ஓடுமே தவிர வழிவிடாது. எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு நின்றால் மேய்ப்பவரே கம்பை நீட்டி ஒதுக்கிக் கொடுப்பார். தை, மாசியில் உளுந்துச் செடியையும் கம்பங்கதிரையும் பாதிச் சாலையில் பரப்பி, வண்டிச் சக்கரம் ஏறி உதிரட்டும் என்று விடுகிறார்கள். ஓரத்தில் கல்லும் முள்ளும் எல்லை. இது சட்டப்படி தவறு. வழுக்கி விழுந்தவர்களும் உண்டு. ஊராட்சிகள் கட்டியிருக்கும் உலர்களம் பல ஊர்களுக்குப் போதவில்லை. கதிர் பரப்பிய பக்கம் யாருடையதாக இருந்தாலும், எதிரே வருபவரை முதலில் விட்டுவிட்டுப் பிறகு கடப்பதே அங்கே வழக்கத்தில் இருக்கும் முறை.